கால் எட்டலன்னு உடனே பைக்கை வெட்டாதீங்க

உயரம் கம்மியா இருக்கவங்க, இப்பதான் பைக் பழகுறவங்க, இந்த வரிசைல போனா காசும் மிச்சம் முட்டியும் மிச்சம்.

முதல்ல கால் நீளம். செருப்பில்லாம சுவத்துல முதுகு ஒட்டி நின்னு, தொடை இடுக்குல ஒரு நோட்டுப் புத்தகத்த நல்லா மேல ஏத்தி வச்சு, தரையில இருந்து அதுவரைக்கும் டேப் பிடிங்க. மொத்த உயரத்த விட இதுதான் முக்கியம்.

அடுத்து, அதோட ஒப்பிட்டுப் பாக்க சீட் உயரம். அவெஞ்சர் 737 மிமீ, மீட்டியோர் 350 765, ஸ்ப்ளெண்டர் 785, ஹண்டர் 350 790, கிளாசிக் 350 805. ஆனா இத மட்டும் நம்பாதீங்க, ஸ்ப்ளெண்டருக்கும் ஹண்டருக்கும் 5 மிமீதான் வித்தியாசம், எடை பாத்தா ஒண்ணு 112 கிலோ இன்னொண்ணு 181. சீட் முன்பக்கம் அகலமா இருந்தாலும் தொடை விரிஞ்சு கால் எட்டாது.

அதனால ஷோரூம்ல சும்மா ஏறி உக்காந்து போட்டோ எடுத்துட்டு வராம, சைடு ஸ்டாண்டுல இருந்து நீங்களே நிமித்தி, உக்காந்தபடியே பின்னாடி தள்ளிப் பாருங்க. ரெண்டு குதிகாலும் தரையில படணும்னு அவசியமில்ல, ரெண்டு முன்பாதமும் அழுத்தமா ஊனினா போதும். நிறுத்தும்போது இடது கால் கீழ, வலது கால் பிரேக்ல, அவ்ளோதான். தள்ளவே திணறுதுன்னா “ஓட்ட ஓட்ட பழகிடும் சார்”னு சேல்ஸ்ல சொல்றத காதுல வாங்காதீங்க.

வாங்கினப்புறம் காசில்லாத வேலைய முதல்ல முடிங்க. பின் சாக் அப்சார்பர்ல பிரீலோட் (ஸ்பிரிங்க எவ்ளோ இறுக்கி வைக்கணும்னு மாத்துற வசதி) இருந்தா அத குறைச்சா நீங்க உக்காரும்போது வண்டி கொஞ்சம் கூடுதலா அமுங்கும், ரெட்டை சாக்னா ரெண்டு பக்கமும் ஒரே படில வைக்கணும், பின்னாடி ஆள் ஏத்தினா மறுபடி கூட்டிடணும். க்ளட்ச் லிவர ஹேண்டில்ல பிடிச்சிருக்க கிளாம்ப் போல்ட்ட லூஸ் பண்ணி, விரல் நீட்டினா மணிக்கட்டு மடங்காம நேரா இருக்க மாதிரி திருப்பி டைட் பண்ணுங்க. சின்ன கைக்கு இது பெரிய நிம்மதி.

இன்னும் பத்தலன்னா சீட் கடைல ஃபோம் செதுக்கலாம், தொடை படுற ஓரத்த மட்டும் சரிச்சாலே நல்ல வித்தியாசம் தெரியும். நடுவுல ரொம்ப எடுத்தா கொஞ்ச தூரத்துலயே உக்கார்ற இடம் வலிக்கும்.

லோயரிங் லிங்க், அதாவது பின் சாக் இணைப்ப மாத்தி வண்டியையே தாழ்த்துறது, கடைசிதான். கிரவுண்ட் கிளியரன்ஸ் குறைஞ்சு ஸ்பீடு பிரேக்கர்ல அடி தட்டும், சைடு ஸ்டாண்டையும் வெட்டிக் குட்டையாக்கணும், இல்லன்னா வண்டி சாயாம நட்டுக்க நின்னு லேசா இடிச்சாலே அந்தப் பக்கம் விழுந்துரும்.