டீன்ஏஜ் கதைல அம்மாவ எழுதுறது எப்படி, ஒரு அண்டியாபீஸ் (முந்திரிக்கொட்டை உடைக்கிற ஃபேக்டரி) அம்மாவ வச்சு சொல்றேன்

பதினஞ்சு பதினாறு வயசுப் பொண்ணே கதை சொல்ற மாதிரி எழுதணும்னு ஆசைப்படுறவங்க மார்த்தாண்டம் பக்கம் எனக்கே நாலு பேரத் தெரியும், எல்லார் கதையிலயும் ஒரே அம்மாதான் வருவா, கதவத் தட்டுவா, போன புடுங்குவா, மார்க் கேப்பா, போயிருவா. என் முதல் கதையிலயும் அவதான். அதப் படிச்ச ஃப்ரெண்டு ஒருத்தி "செரி, இந்த அம்மா காலைல எந்திரிச்சு எங்க போவா?"ன்னு கேட்டா. எனக்கே தெரியல.

அதனால முதல் வேலை, கதைய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அம்மாவோட ஒரு நாள ஒரு பேப்பர்ல எழுதிருங்க. பொண்ணு கூட இல்லாத நேரத்த மட்டும். அதுல முக்காவாசி கதைக்குள்ள வராது, வரவும் வேண்டாம்.

நான் எழுதினப்போ அம்மாவ அண்டியாபீசுக்கு அனுப்பினேன், நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல எத்தன வீட்டுல அடுப்பு எரியுறது அந்த சம்பளத்துலதான்னு உங்களுக்கே தெரியும். அண்டித் தோட்டுல இருக்கிற எண்ணெய் பட்டா தோல் பொத்துப்போகும், சாம்பலத் தடவிக்கிட்டு உடைச்சாலும் நாளாக நாளாக விரல் நுனி தேஞ்சு வழுவழுன்னு ஆயிரும். இத எழுதி முடிச்சப்போதான் கதை கிடைச்சுது. ரேஷன் கடை மெஷின்ல அம்மாவுக்கு ரேகை விழல, அதனால மாசா மாசம் பொண்ணு டியூஷன கட் பண்ணிட்டு வந்து விரல் வைக்கணும், அவளுக்கு எரிச்சலா வருது, "எல்லார் அம்மாவுக்கும் விழுது, உனக்கு மட்டும் ஏன் விழ மாட்டேங்குது"ன்னு லைன்ல நின்னே கத்துறா. ஏன் விழலன்னு அவ யோசிக்கவே இல்ல. நீங்களும் எங்கயும் விளக்காதீங்க, அதுக்கு நாலு பக்கம் முன்னாடி அம்மா தேங்காண்ணெய எடுத்து விரல்ல தேச்சுக்கிட்டே சீரியல் பாத்தான்னு ஒரு வரி மட்டும் போட்டு வைங்க, படிக்கிறவங்க கோத்துக்குவாங்க. இந்த மாதிரிக் கதைல பொண்ணு பாதிதான் பாப்பா, மீதிய நாம அவ கண்ணு முன்னாடியே வச்சிட்டு சும்மா இருக்கணும்.

அடுத்தது கூப்பிடுற விதம், என்னயக் கேட்டா பாதி உறவு இதுலதான் இருக்கு. "மகளே, நான் உன்னிடம் பேச வேண்டும்"னு எந்த அம்மாவும் நம்ம ஊர்ல பேசமாட்டா. மனசு நல்லா இருந்தா "மக்ளே, தின்னியா", கோவம் வந்தா "ஏட்டி", ரொம்ப முத்திப்போச்சுன்னா பொண்ணு முகத்தையே பாக்காம தம்பிகிட்ட "அவள வந்து திங்கச் சொல்லுலே"ம்பா, பொண்ணும் தம்பிகிட்டயே "எனக்கு வேண்டாம்னு சொல்லு"ம்பா, நடுவுல அந்தப் பையன் மரச்சீனிக் கிழங்க மீன்கறியில முக்கித் தின்னுக்கிட்டே இருப்பான். கோவம் தணிஞ்சத சொல்ல தனியா சீன் வேண்டாம், ஏட்டி திரும்ப மக்ளே ஆனா போதும்.

சண்டைக்கு பெரிய காரணம் தேடாதீங்க. ஸ்கூட்டி சாவி, துப்பட்டா, ஸ்டேட்டஸ்ல போட்ட ஒரு போட்டோ, போதும்.

அம்மாவுக்கு ஒரு பழைய கதை இருந்தா அத அம்மா வாயால சொல்ல வைக்காதீங்க. 2017-ல எரிகா சான்செஸ் எழுதின 'ஐ ஆம் நாட் யுவர் பெர்ஃபெக்ட் மெக்சிகன் டாட்டர்' நாவல்ல சிகாகோவுல இருக்கிற ஹூலியாவுக்கு அம்மாவோட ஒத்தே போகாது, அப்புறம் மெக்சிகோவுக்குப் போன இடத்துல, அம்மா பார்டர் தாண்டி வந்தப்போ அவங்களுக்கு என்ன நடந்துச்சுன்னு சொந்தக்காரங்க சொல்லித்தான் தெரியவருது (என்ன நடந்துச்சுன்னு நான் சொல்லல, படிச்சுக்கோங்க). நமக்கு மெக்சிகோ எல்லாம் வேண்டாம். கல்யாண வீட்டுல முந்தின நாள் ராத்திரி அவியலுக்கு காய் வெட்ட பொம்பளைங்க வட்டமா உக்காருவாங்கல்ல, அங்க ஒரு சித்தி முருங்கக்காய வெட்டிக்கிட்டே "ஒங்கம்மைக்கு அப்பவே நர்சிங் சீட்டு கிடைச்சதாக்கும், போக விடல"ன்னு சொல்லிட்டு அடுத்த காய எடுத்துருவா. பொண்ணு கைல கத்தி அப்படியே நிக்கும். உடனே ஓடிப்போய் அம்மாவக் கட்டிப்புடிக்க விட்டுறாதீங்க, ரெண்டு நாள் கழிச்சும் அவ அதே சிடுசிடுப்போடதான் இருக்கணும், மனசுக்குள்ள மட்டும் அது கெடந்து உறுத்தணும்.

முடிவுதான் எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு, மூணு தடவ மாத்தினேன். இப்ப இருக்கிறது இதான்: அடுத்த மாசம் மறுபடி ரேஷன் கடை, அம்மா விரல வைக்கிறா, விழல, துடைச்சிட்டு வைக்கிறா, விழல, பொண்ணு ஒண்ணும் சொல்லாம பின்னாடி இருந்து கைய நீட்டுறா. அம்மா அந்தக் கையப் பாத்துட்டு, "ஏட்டி, இது என்ன நகம், வெட்டுனா என்ன?"ங்கிறா.

ஃப்ரெண்டு இதுலயும் ஒரு "மக்ளே" போடச் சொன்னா. நான் போடல.