சேகரிப்பாளர் பழைய வீட்டைப் புதுப்பிக்கும் முறை

பழம்பெரும் வீடொன்றை வாங்கும் வசதி படைத்த சேகரிப்பாளர், எந்த ஓவியத்தை எந்தச் சுவரில் மாட்டலாம் என்ற கணக்கோடுதான் பெரும்பாலும் உள்ளே நுழைகிறார். அந்தக் கணக்கைச் சில மாதங்கள் தள்ளி வையுங்கள். ஒரு மழைக்காலம் முழுவதும் வீட்டைக் கவனித்து, கூரை எங்கே ஒழுகுகிறது, சுவரில் ஈரம் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்பதைக் குறித்து, ஒவ்வோர் அறையையும் அளந்து படமெடுத்த பிறகே கொத்தனாரை அழைக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்றால் அதற்கு முன்பே அனுமதியும் பெற்றிருக்க வேண்டும்.

அவசரத்தால் அதிகம் கெடுபவை சுவர்களே. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் இயல்புடையது. அதன்மேல் சிமெண்ட் பூசினால், வெளியேற வழியற்ற ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, நாளடைவில் செங்கல்லே பொடியத் தொடங்கும். ஆகவே பூச்சு உதிர்ந்த இடத்தை மட்டும் சுண்ணாம்புக் கலவையால் சரிசெய்யுங்கள். அது காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று இறுகப் பல வாரங்கள் ஆகும்; விருந்துக்கு நாள் குறித்துவிட்டு வேலையாட்களை விரட்டினால் பூச்சு வெடிக்கும், பணத்தால் அதைத் துரிதப்படுத்த முடியாது.

பிற்காலத்தில் சேர்ந்தவற்றையெல்லாம் பெயர்த்தெடுத்து வீட்டை ஒரே காலத்துக்குத் திருப்பும் ஆசையும் சேகரிப்பாளருக்கு வருவதுண்டு. வெவ்வேறு காலங்களின் மதிப்புள்ள சேர்க்கைகளை மதிக்க வேண்டும் என்றும், புதிதாக வைக்கும் பகுதி மூலப்பகுதியிலிருந்து வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்றும் பழங்கட்டடப் பாதுகாப்புக்கான சர்வதேச நெறிமுறையான 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் கூறுகிறது. போலிப் பழமையைவிட நேர்மையான புதுமரம் மேலானது என்பதே என் கருத்தும்.

காகித ஓவியங்களும் துணிகளும் ஏறத்தாழ 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்தையே தாங்கும் என்பதால், சன்னல்களை அடைப்பதற்குப் பதிலாகத் திரையும் புறஊதாக் கதிரைத் தடுக்கும் படலமும் போடலாம். ஆணி அடிக்காமல், கூரையை ஒட்டிய மரச்சட்டத்திலிருந்து கம்பியில் படங்களைத் தொங்கவிடுங்கள்.

இடம் போதவில்லை என்று சுவரை இடிக்க நினைப்பவர்கள் லண்டனில் கட்டடக் கலைஞர் ஜான் சோன் தம் வீட்டில் அமைத்த ஓவிய அறையைப் பார்க்கலாம்: கீல் பூட்டிய பலகைகள் கதவுபோல் திறக்க, அந்தச் சிறிய அறை 100-க்கும் மேற்பட்ட ஓவியங்களைக் கொள்கிறது. அப்படிச் செய்வதானால், பலகைகளின் பாரத்தைப் பழைய சுவர் தாங்குமா என்று கட்டமைப்புப் பொறியாளரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.