பழைய டிரெய்லரைக் கேம்பராக்கும் முன்

பழைய சரக்கு டிரெய்லரை வாங்கி, அதன்மேல் டியர்டிராப் கேம்பர், அதாவது காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் கண்ணீர்த்துளி வடிவக் குட்டிப் படுக்கைவண்டி, கட்ட நினைக்கிறீர்களா? நம் வடசென்னையில் மரவேலைக்கு முன்னால் சேசிஸை, அதாவது இரும்பு அடிச்சட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் வெட்டவெளியில் நின்ற வண்டி என்றால் உப்புக்காற்று வெல்டிங் மூலைகளைத் தின்றிருக்கும். மேலே அடித்த பெயிண்டை நம்பாதீர்கள். சுத்தியலால் தட்டுங்கள், கணீரென்று கேட்டால் நல்லது, பொத்தென்று கேட்டால் அந்த இடத்தை வெட்டிப் புது இரும்பு வைக்க வேண்டும். அப்புறம் துருவைச் சுரண்டி, துருவைத் தடுக்கும் அடிப்பூச்சான எபாக்சி பிரைமர் அடியுங்கள்.

பெட்டிக்கு ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள மரைன் பிளைவுட் வாங்குங்கள். அதுகூட வெட்டிய ஓரங்களில் தண்ணீர் குடிக்கும். காசிமேட்டில் ஃபைபர் படகுக்கு ஒட்டுப்போடுவதைப் பார்த்திருப்பீர்கள்: கண்ணாடி இழை மேட் விரித்து, ரெசின் என்ற இறுகும் பிசினைத் தடவி, காற்றுக்குமிழை உருளையால் நெருக்கி எடுப்பார்கள். அதையே கூரை மூட்டுகளில் செய்யுங்கள், ஐப்பசி மழையைத் தாங்கும். எனக்கு ரொம்பப் பிடித்த முறை இது.

படுக்கை முன்னால், சமையல் மேடை பின்கதவுக்குள். சரி, ஆனால் அடுப்பு, தண்ணீர் கேன் எல்லாம் பின்னால் சேர்ந்தால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டும், அது ஆபத்து. சாமான் ஏற்றிய பிறகு, மட்டமாக நிறுத்தி, காரில் மாட்டும் முனையை எடை மெஷின்மேல் வையுங்கள். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் அங்கே இறங்க வேண்டும். 500 கிலோவுக்கு 50 முதல் 75 கிலோ. குறைந்தால் கேனை முன்னால் தள்ளுங்கள்.

ஆர்சி இல்லாத டிரெய்லர் வேண்டவே வேண்டாம். பிளைவுட்டை வெட்டுவதற்கு முன்பே, வரைபடத்தோடு ஆர்டிஓ அலுவலகம் போய் மாற்றத்துக்கு அனுமதி கேளுங்கள்.