ஆரவாரத்துக்கு நடுவே ஒரு துக்கத்தை எழுதுவது எப்படி

ராக் பாடலில் துக்கத்தை எழுத முனைபவர், பல்லவியை ஊருக்கும் சரணத்தைத் தனி மனிதருக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். 1984-இல் வெளிவந்த, அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ‘பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.’ (‘அமெரிக்காவில் பிறந்தவன்’) பாடலில் பல்லவி முழக்கமாக ஒலிக்க, சரணங்களோ வியட்நாம் போரிலிருந்து திரும்பி வேலை கிடைக்காமல் அலைபவனின் இழப்பைச் சொல்கின்றன; பல்லவியை மட்டும் கேட்ட பலர் அதைப் பெருமிதப் பாட்டாகவே எடுத்துக்கொண்டார்கள்.

பெங்களூரில் இருப்பவர், அல்சூர் ஏரிக்குப் பிள்ளையார் ஊர்வலம் போகும் இரவை எடுத்துக்கொள்ளலாம். தெருவில் மேளம் அதிர, மாடி வீட்டில் ஒருத்தி, போன மாதம் இறந்த அப்பாவின் செருப்பை வாசலிலிருந்து எடுக்க மனமின்றி நிற்கிறாள். ‘கண்ணீர்’ என்ற சொல்லை அடித்துவிடுங்கள் (என் முதல் பாட்டில் அது ஆறு முறை வந்தது). செருப்பின் தேய்ந்த குதிகால் போதும். அந்த வரியில் டிரம்ஸை நிறுத்துங்கள். பிறகு பல்லவி, ஒரு சொல்லும் மாறாமல், முன்னைவிடச் சத்தமாகத் திரும்பட்டும்.