விமானம் ஏறும் முன் குளியலறையில் தண்ணீர் தேக்குங்கள்

பினாங்கு அடுக்குமாடியில் வீட்டைப் புதுப்பிக்கும் நேரத்தில் சென்னைப் பயணம் குறுக்கிட்டால், குளியலறை வேலையை மட்டும் நீங்கள் இல்லாதபோது முடிக்க விடாதீர்கள். நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு நன்றாகக் காய்ந்ததும், ஓடு பதிக்கும் முன், வடிகால் துளையை அடைத்து 24 மணி நேரம் தண்ணீர் தேக்கச் சொல்லுங்கள். கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரிகிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். நான் இதைச் செய்யாமல் விமானம் ஏறினேன். திரும்பியபோது கீழ்வீட்டு அக்காவின் குளியலறைக் கூரை சொட்டிக்கொண்டிருந்தது. புது ஓடுகளை உடைக்க வேண்டியதாயிற்று. அவரிடம் மன்னிப்புக் கேட்டது இன்னும் மனத்தில் உறுத்துகிறது.

சுவரைப் பூசும் முன் குழாய், மின்கம்பிப் பாதைகளை அளவு நாடாவோடு படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். கடைசித் தவணையை, திரும்பி வந்து ஒவ்வொரு குழாயையும் திறந்து பார்த்த பிறகே கொடுங்கள்.