ஊராட்சி வரவு செலவில் பெண்களுக்கான பங்கைக் கேட்டு வாங்குவது எப்படி

பாலின பட்ஜெட் என்றதும் தையல் பயிற்சிக்கும் மகளிர் தின விழாவுக்கும் கொஞ்சம் பணம் ஒதுக்குவது என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். விஷயம் அதுவல்ல. ரோடு, தண்ணீர், விளக்கு என்று வழக்கமாகப் போகிற மொத்தப் பணமும் யாருக்குப் போய்ச் சேருகிறது என்று பார்ப்பதுதான் வேலை. ஆஸ்திரேலியா இதை 1984-லேயே தொடங்கிவிட்டது. நம் ஒன்றிய அரசும் 2005-06 முதல் பட்ஜெட்டோடு தனி அறிக்கை போடுகிறது. ஆனால் கணவன் பெயரும் சேர்ந்திருக்கக்கூடிய கிராமப்புற வீட்டுத் திட்டத்தை அந்த அறிக்கையில் பல வருடம் நூறு சதவீதம் பெண்களுக்கென்று காட்டினார்கள். அதனால் அறிக்கையை அலசுவதைவிட நம் ஊராட்சியில் ஆரம்பிப்பது நல்லது, கணக்கு கைக்கு அடங்குகிற அளவில் இருக்கும்.

முதலில் போன வருட வரவு செலவுக் கணக்கை ஊராட்சி செயலரிடம் கேளுங்கள். கிராம சபையில் வைக்க வேண்டிய கணக்குதான், ரகசியம் ஒன்றுமில்லை. தரவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு போடுங்கள்.

கணக்கு வந்ததும் "பெண்கள்" என்ற சொல் எங்கே இருக்கிறது என்று தேடாதீர்கள். ஒவ்வொரு செலவையும் எடுத்து, இது இல்லாவிட்டால் யாருடைய நேரம் போகும், யார் வெளியே போகப் பயப்படுவார்கள் என்று கேளுங்கள். 2024-இல் எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புப்படி, வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடம் செலவழிக்கிறார்கள், அதே வேலை செய்கிற ஆண்கள் 88 நிமிடம். குழாயில் காலை பத்து மணிக்குத் தண்ணீர் விட்டால், வேலைக்குப் போகிற பெண் அன்றைய கூலியை விட வேண்டும் அல்லது சாயங்காலம் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். ஐந்தரைக்கு மோட்டார் போடச் சொல்லித் தீர்மானம் போட்டால் ஊராட்சிக்குப் பெரிதாகச் செலவே இல்லை.

பெண்களுக்கான பொதுக் கழிப்பறையான மகளிர் சுகாதார வளாகத்தைப் பாருங்கள். இருபது வருடங்களுக்கு முன்பு தமிழ்நாட்டு ஊராட்சிகளில் வரிசையாகக் கட்டினார்கள். இப்போது பூட்டிக் கிடக்கிற வளாகத்துக்கு முன்னால் நின்று விசாரித்தால், மோட்டார் ரிப்பேர், சுத்தம் செய்ய ஆளில்லை, கரண்ட் பில் என்று காரணம் வரும். எல்லாமே வருடாவருடம் ஆகிற செலவு. கட்டுவதற்குப் பணம் இருந்தது, நடத்துவதற்குக் கணக்கில் ஒரு வரிகூட எழுதப்படவில்லை, அவ்வளவுதான். எனவே புதுக் கட்டடம் கேட்பதற்கு முன்னால் பராமரிப்புக்கும் துப்புரவுக் கூலிக்கும் தனி ஒதுக்கீடு கேளுங்கள். ஒன்றிய அரசிடமிருந்து ஊராட்சிகளுக்கு வந்த 15வது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே ஒதுக்கிவைத்திருந்தார்கள், அதனால் "இதற்கு நிதி இல்லை" என்ற பதிலை அப்படியே வாங்கிக்கொண்டு வராதீர்கள், எந்த மானியம் எதற்குப் போனது என்று திருப்பிக் கேளுங்கள்.

கழிப்பறை பற்றியெல்லாம் கிராம சபை மைக்கில் எல்லாரும் பேசிவிட மாட்டார்கள். அதற்கு முந்தைய வாரமே சுயஉதவிக் குழுக் கூட்டத்தில் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். குழுவிலேயே இல்லாத பெண்கள், முக்கியமாகத் தனியாக இருக்கிற வயதானவர்கள், காலனிப் பக்கம் இருப்பவர்கள், இவர்களை வீட்டுக்கே போய்க் கேட்க வேண்டும், இதைத்தான் எல்லாரும் தட்டிக்கழிக்கிறார்கள். இருட்டில் எந்த இடத்தில் பயமாக இருக்கிறது என்று கேட்டால், எந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை என்பதுவரை சொல்வார்கள்.

தீர்மானத்தில் "பெண்கள் முன்னேற்றத்துக்கு முன்னுரிமை" என்று எழுதினால் அது காகிதத்தோடு சரி. "பஸ் நிறுத்தத்திலிருந்து காலனி வரை உள்ள விளக்குகள், இந்த மானியம், இந்தத் தேதிக்குள்" என்று எழுத வையுங்கள். தேர்ந்தெடுத்த தலைவர் இருந்தாலும், அவர் இல்லாத காலத்தில் அரசு போடுகிற தனி அலுவலர் இருந்தாலும் இதே மாதிரிதான். நிதியில் இத்தனை சதவீதம் பெண்களுக்கு என்று கேட்கலாமா என்றால் தாராளமாகக் கேட்கலாம், கேரளாவில் உள்ளாட்சித் திட்ட நிதியில் பத்து சதவீதம் பெண்களுக்கான திட்டங்களுக்கு என்று 1990களிலிருந்தே விதி இருக்கிறது. ஆனால் அந்தப் பத்தை வாங்கிக்கொண்டு மீதித் தொண்ணூறைக் கவனிக்காமல் விடக் கூடாது.

தீர்மானப் புத்தகத்தில் எழுதியதும் அங்கேயே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், அடுத்த கிராம சபையில் முதல் கேள்வியாக அதைக் கேட்பதற்கு.