பிசினஸ் கிளாஸ் டிக்கெட்: கீழக்கரையிலிருந்து கிளம்புமுன் பார்க்க வேண்டியவை

பணத்தைக் கட்டுமுன் விமானத்தின் வகையைப் பாருங்கள். மதுரையிலிருந்து போகும் ஏ320, 737 போன்ற ஒற்றை நடைபாதை விமானங்களில் பிசினஸ் கிளாஸே இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும் பெரும்பாலும் அகலமான சாய்விருக்கைதான், படுக்கை கிடையாது. கொழும்பு வரை என்றால் அதற்குக் கூடுதல் பணம் வீண்.

படுத்துத் தூங்க வேண்டுமா? 777, 787, ஏ350 போன்ற இரட்டை நடைபாதை விமானங்கள் ஓடும் தடத்தைத் தேடி, இருக்கை வரைபடத்தைத் திறந்து பாருங்கள். வரிசையில் இருக்கைகள் 1-2-1 (ஓரத்தில் ஒன்று, நடுவில் இரண்டு, மறு ஓரத்தில் ஒன்று) என்றால் யாரையும் தாண்டாமல் எழுந்து போகலாம். 2-3-2 என்றால் நடு இருக்கைக்காரர் பாடு திண்டாட்டம். கடைசி நேரத்தில் விமானத்தை மாற்றிவிடுவதும் உண்டு. முந்தைய நாள் மறுபடி பாருங்கள்.

சென்னை–துபாய் சுமார் 4 மணி நேரம். சாப்பாடும் இறங்கும் ஆயத்தமும் போக, தூக்கத்துக்கு 2 மணி நேரம் மிஞ்சினால் அதிகம். லண்டன், நியூயார்க் போகிறவர்களுக்குத்தான் படுக்கை உண்மையில் பலன் தரும்.

மலிவு பிசினஸ் கட்டணத்தில் விமான நிலைய ஓய்வறையும் (லவுஞ்ச்) இருக்கை தேர்வும் சேராமல் போகலாம். எகானமி டிக்கெட் எடுத்து, விமான நிறுவனத்திடம் ஏலம் கேட்டு வகுப்பை உயர்த்தினால் பழைய லக்கேஜ் அளவே நீடிக்கலாம். விதிகளைப் படித்துவிட்டே கட்டுங்கள். ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது. தொதல் என்ற நம்மூர் இனிப்பு பிசுபிசுப்பானது, கைப்பையில் வைத்தால் சோதனையில் தடுக்கக்கூடும். கருவாட்டோடு சேர்த்துப் பெட்டியில் போடுங்கள், தனித்தனியாகக் காற்றுப் புகாமல் கட்டி.

ஹலால் உணவை 24 மணி நேரம் முன்பே பதிவு செய்யுங்கள். வறண்ட காற்றில் உப்பும் இனிப்பும் மந்தமாகத் தெரியும். சமையல்காரரைத் திட்டிப் பயனில்லை.